மூத்த மருமகளா, இளைய மருமகளா?

ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா
புரட்டாசி, சனிக்கிழமை காலை

அன்புள்ள பெரியப்பா,

 

நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை நானும் இவரும் சேர்ந்து கேட்டோம். தொடக்கத்தில் உங்கள் குரல், நடுவில் குக்கர் விசில், முடிவில் பெரியம்மா குரல். சாரம் இதுதான் என்று எடுத்துக்கொண்டோம்: ஐப்பசியில் வருகிறீர்கள். இவருக்கு ஒரு சனி ஞாயிறுதான் ஒழியும். நயாகராவுக்கு இன்னொரு விமானம் ஏற வேண்டும், அது வேண்டாம். காரில் போய்த் திரும்பும்படி நல்ல ஊர் ஒன்று வேண்டும். உங்களுக்கு அந்த ஊரில் சரித்திரம் இருக்க வேண்டும். பெரியம்மாவுக்கு அந்த ஊரில் படிக்கட்டு இருக்கக் கூடாது.

இந்தப் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் இரண்டு பெயர்தான் வரும். ஒன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன். மற்றது எங்கள் ஜார்ஜியாவிலேயே இருக்கும் சவானா. இரண்டும் அட்லாண்டிக் ஓரத்துப் பழைய துறைமுக ஊர்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குக் காரில் இரண்டு மணி நேரம். “ரெண்டில் எது?” என்று அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கேள்வி போட்டேன். சாப்பாட்டு நேரம் முடிந்தது, சண்டை முடியவில்லை.

இரண்டையும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவள் சார்ல்ஸ்டன், 1670இல் வந்தவள். இளையவள் சவானா, 1733இல் வந்தவள். மூத்தவள் வீட்டில் வெள்ளித் தட்டில் பலகாரம் வரும். ஒரு துணுக்கு கீழே சிந்திவிடுமோ என்று நமக்குத் தொண்டையில் இறங்காது. இளையவள் வீட்டில் தட்டு வர நேரமாகும், ஆனால் “காலை நீட்டி உக்காருங்க அத்தை” என்று முதலில் ஒரு தலையணை வந்துவிடும். இருவரும் அழகிகள். ஒருத்தியிடம் மற்றவளைப் புகழ்ந்தால், “ஆமா, அவளும் நல்லாத்தான் இருப்பா” என்று பதில் வரும். அந்த ‘உம்’மில் எல்லாம் அடங்கிவிட்டது.

முதலில் வழியைச் சொல்கிறேன். சவானாவுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ நாலரை மணி நேரம். மேக்கன் என்ற ஊர்வரை ஒரு நெடுஞ்சாலை, அங்கிருந்து ஐ-16. அந்த ஐ-16 இருக்கிறதே, சுமார் 265 கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் பைன் மரம், நடுவில் சாலை, வேறு விசேஷம் கிடையாது. வழியில் சில இடங்களில் சாலைக்குள் ஏறும் பாதையில் கேட் போட்டு வைத்திருப்பார்கள். கடலில் சூறாவளி கிளம்பினால், ஊரைக் காலி செய்பவர்களுக்காக எதிர்ப்பக்கச் சாலையையும் கடலை விட்டு விலகும் திசைக்கே திருப்பிவிடுவார்கள். அதற்குத்தான் அந்தக் கேட். சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நீங்கள் வருவது அதன் வாலில். இந்தப் பத்தியைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

சார்ல்ஸ்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். அகஸ்டா, கொலம்பியா என்று ஊர்கள் வந்துகொண்டிருக்கும், தூக்கம் வராது. சாலையோரத்தில் கையால் எழுதிய பலகைகளும் வரும். அதில் என்ன எழுதியிருக்கும் என்கிறீர்கள்? அவித்த கடலை! பச்சைக் கடலையைத் தோலோடு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் வேகவைத்து, சொட்டச் சொட்டப் பையில் அள்ளித் தருகிறார்கள். 2006இல் தென் கரோலினா சட்டசபை இதை மாநிலத்தின் அதிகாரபூர்வ நொறுக்குத் தீனியாகவே அறிவித்துச் சட்டம் போட்டது. நாம் தலைமுறை தலைமுறையாக அதைத் தின்றுகொண்டே பஸ்ஸுக்குக் காத்திருந்தோமே தவிர, சட்டசபை வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மாநிலத்தின் கொடியில் இருப்பது ஒரு பனை இனத்து மரம். 1776இல் சார்ல்ஸ்டனுக்கு வெளியே அந்த மரத்தை அடுக்கிக் கட்டிய கோட்டையின்மேல் ஆங்கிலேயக் கப்பல்கள் சுட்ட குண்டுகள், மரம் நாரும் பஞ்சுமாக இருந்ததால் உடைக்க முடியாமல் உள்ளேயே புதைந்துபோயின. நம் மாநில மரம் பனை. அவர்கள் மாநில மரமும் அதன் உறவு. நுங்கு மட்டும் கிடையாது.

இனி மூத்தவள் வீட்டுக்குள் போவோம். ஆஷ்லி, கூப்பர் என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவில் பழைய சார்ல்ஸ்டன் இருக்கிறது. இந்த இரண்டு ஆறும் சேர்ந்துதான் அட்லாண்டிக் சமுத்திரம் உண்டாகிறது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். சிரிக்காமல் சொல்வார்கள்.

பழைய வீடுகளைக் காப்பாற்ற அமெரிக்காவில் முதன்முதலாக நகர்ப் பகுதிக்கென்று சட்டம் போட்ட ஊர் இது, 1931இல். அதனால் அங்கே உங்கள் சொந்த வீட்டின் வெளிச்சுவருக்கு வேறு நிறம் அடிக்க வேண்டுமென்றாலும் ஒரு குழு பார்த்துச் சரி சொல்ல வேண்டும். நம் எதிர்வீட்டுக்காரர் அடித்தாரே ஒரு கிளிப்பச்சை, அதெல்லாம் அங்கே மனுவோடு நின்றுபோயிருக்கும். ஈஸ்ட் பே தெருவில் ரெயின்போ ரோ என்று 13 வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளிர் நிறம். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். பால் பாக்கெட் எடுக்க அவர்கள் கதவைத் திறந்தால், எதிரே நாற்பது பேர் போன் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். எப்படித்தான் பல் துலக்காமல் வெளியே வருகிறார்களோ.

இந்த ஊர் வீட்டின் அமைப்பே தனி. தெருவுக்கு ஓர் அறை அகலம்தான் தெரியும். மிச்ச வீடு உள்நோக்கி நீண்டுகொண்டே போகும். பக்கவாட்டில் மாடிக்கொரு நீளத் தாழ்வாரம், கடல் காற்று பிடிக்க. தெருக் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டீர்கள், அந்தத் தாழ்வாரத்தில்தான் நிற்பீர்கள். உங்களுக்கு இன்னொரு விருந்தும் உண்டு. 1886 ஆகஸ்ட் 31 இரவு இங்கே பெரிய பூகம்பம். சுமார் 60 பேர் இறந்தார்கள். வெடித்த சுவர்களை இழுத்துப் பிடிக்க, வீட்டுக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இரும்புக் கம்பி கொடுத்து முடுக்கினார்கள். கம்பி வெளியே வரும் இடத்தில் வட்டம், நட்சத்திரம், சிங்கமுகம் என்று இரும்புத் தகடுகள் இன்றைக்கும் தெரியும். நீங்கள் தெருத் தெருவாக நின்று எண்ணத் தொடங்கிவிடுவீர்கள் என்பதுதான் என் கவலை.

குதிரை வண்டிச் சவாரி உண்டு. ஆனால் ஏறியதும் வண்டி ஊருக்குள் போய்விடாது. முனையில் நகராட்சிக் கூண்டு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு குலுக்கல் இயந்திரத்திலிருந்து பந்து விழும். எல்லா வண்டிகளும் ஒரே தெருவில் போய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, எந்த வட்டாரத்துக்குப் போக வேண்டும் என்று அந்தப் பந்துதான் சொல்லும். கடற்கரை மாளிகைகளைப் பார்க்க ஆசைப்பட்டு ஏறியவருக்கு வேறு வட்டாரம் விழுந்தால், அது அவருடைய ஜாதகம். குதிரைகளுக்குப் பின்னால் பை கட்டியிருக்கிறார்கள். சாணி தெருவில் விழாது. சிறுநீர் விழுந்தால், வண்டிக்காரர் அந்த இடத்தில் ஒரு சின்னக் கொடியைப் போட்டுவிட்டுப் போவார். பின்னால் ஒரு லாரி வந்து கழுவும். இவர் அதைப் பார்த்துவிட்டு, “நம்ம ரதவீதியில இப்படிக் கொடி போட ஆரம்பிச்சா, தேரோட்டத்துக்குத் தோரணமே வேண்டாம்” என்றார். வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் குதிரைகளுக்கு விடுமுறை. பாளையங்கோட்டையில் அந்த வெயிலில் எனக்குப் பரீட்சை நடந்தது, பெரியப்பா. நீங்கள்தான் ஹெட்மாஸ்டர்.

துறைமுக வாசலில் சம்டர் கோட்டை. 1861 ஏப்ரல் 12 விடியற்காலையில் உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் பாய்ந்த இடம். படகில் அரை மணி நேரம். மாளிகைகள் பலவற்றில் உள்ளே போய்ப் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக்கெட். நீங்கள் ஒவ்வொரு டிக்கெட்டையும் எண்பதாலும் தொண்ணூறாலும் பெருக்கிப் பார்த்து, “இதுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கலாமே” என்று வாசலிலேயே நின்றுவிடுவீர்கள். போதாக்குறைக்கு, நீங்கள் வரும் பருவத்தில்தான் அங்கே கடல் ஓதம் உச்சத்தில் இருக்கும். ஒரு துளி மழை இல்லாமல், நீல வானத்தின் கீழே, மார்க்கெட் பக்கத்துத் தெருக்களில் கணுக்கால் தண்ணீர் நிற்கும் நாட்கள் உண்டு. பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பதற்கா அமெரிக்கா வருகிறார்கள்?

இப்போது இளையவள். ஜேம்ஸ் ஓகில்தார்ப் என்ற ஆங்கிலேயர் 1733 பிப்ரவரியில் ஆட்களோடு வந்து இறங்கி, நூல் பிடித்துப் போட்ட ஊர் சவானா. தொடக்க நாட்களில் அந்தக் குடியேற்றத்தில் ரம் கூடாது, அடிமை கூடாது, வக்கீல் கூடாது. வக்கீல் இல்லாத ஊர்! நம் வாய்க்கால் வரப்பு வழக்கை நினைத்து நீங்கள் பெருமூச்சு விடுவது எனக்கு இங்கே கேட்கிறது. ஆனால் ரம் தடை பத்து வருடம்கூடத் தாங்கவில்லை, 1742இல் போய்விட்டது. இன்றைக்கு அமெரிக்காவில் மதுக் கோப்பையோடு தெருவில் நடக்க விடும் மிகச் சில ஊர்களில் சவானாவும் ஒன்று. பழைய ஊர் எல்லைக்குள், பிளாஸ்டிக் கோப்பையாக இருக்க வேண்டும், 16 அவுன்ஸுக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான் விதி. இவர் எலுமிச்சைச் சாற்றைத்தான் ஊற்றிக்கொண்டு நடந்தார் என்று உறுதி கூறுகிறேன்.

இந்த ஊரின் உயிர் அதன் சதுக்கங்கள். நாலு தெரு நடந்தால் ஒரு சதுக்கம், இன்னும் நாலு தெரு நடந்தால் இன்னொன்று. மொத்தம் 24 அமைத்தார்கள், இன்று 22 இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஓக் மரங்கள் தலைக்குமேல் பந்தல் போட்டு, கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் சடை சடையாக ஒன்று தொங்கும். ஸ்பானியப் பாசி என்று பெயர். ஆனால் ஸ்பெயினும் இல்லை, பாசியும் இல்லை. அன்னாசிக் குடும்பத்துச் செடி, மரத்தின் உணவைத் திருடாமல் காற்றிலும் மழையிலும் பிழைப்பது. தலையணைக்குப் பஞ்சாகுமே என்று பெரியம்மா கீழே கிடப்பதைப் பொறுக்கக் கூடாது. அதற்குள் பூச்சி குடியிருக்கும்.

முக்கியமான செய்தி: ஒவ்வொரு சதுக்கத்திலும் பெஞ்சு. நிழலில் பெஞ்சு. காசு கேட்காத பெஞ்சு. பெரியம்மா முழங்காலுக்கு இதைவிடப் பெரிய சுற்றுலாத் தலம் பூலோகத்தில் கிடையாது. அதில் ஒரு பெஞ்சு உலகப் புகழ் பெற்றது. ‘ஃபாரஸ்ட் கம்ப்’ படத்தில் டாம் ஹாங்ஸ் உட்கார்ந்து கதை சொல்வாரே, அதை சிப்பெவா சதுக்கத்தில்தான் எடுத்தார்கள். 1994இல் படம் வந்த நாள்முதல் ஜனங்கள் அந்தப் பெஞ்சைத் தேடி வருகிறார்கள். படத்துக்காகக் கொண்டுவந்து போட்ட பெஞ்சு அது, அருங்காட்சியகத்துக்குப் போய் எவ்வளவோ காலம் ஆகிறது. வந்தவர்கள் சளைக்காமல் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போகிறார்கள்.

சிலைகளைப் பற்றி உங்களை முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வாத்தியார் மனசு பதறும். ஓகில்தார்ப் சிலை ஓகில்தார்ப் சதுக்கத்தில் இல்லை, சிப்பெவா சதுக்கத்தில் இருக்கிறது. புலாஸ்கி நினைவுத்தூண் புலாஸ்கி சதுக்கத்தில் இல்லை, மான்டரே சதுக்கத்தில். தளபதி கிரீன் தூண் கிரீன் சதுக்கத்தில் இல்லை, ஜான்சன் சதுக்கத்தில். வருகைப் பதிவேட்டோடு நீங்கள் அங்கே போனால் எல்லோருக்கும் ஆப்சென்ட்தான். ஓகில்தார்ப் மட்டும் கடமை தவறாமல் தெற்கே பார்த்து நிற்கிறார். அந்தக் காலத்தில் ஃபுளோரிடாவிலிருந்து ஸ்பெயின்காரன் வருவான் என்று காவல். அந்தச் சிலையைச் செய்த டேனியல் செஸ்டர் பிரெஞ்சுதான் வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் லிங்கனையும் செய்தவர்.

லிங்கன் என்றதும் ஞாபகம் வருகிறது. 1864 டிசம்பரில் தளபதி ஷெர்மன் ஜார்ஜியாவை எரித்துக்கொண்டே கடலை நோக்கி வந்தபோது, சவானா சண்டை போடாமல் சரணடைந்தது. இந்த ஊரை உங்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருகிறேன் என்று அவர் லிங்கனுக்குத் தந்தி கொடுத்தார். ஊர் தப்பித்தது. தீக்குத் தப்பிய ஊர் 1950களில் கார் நிறுத்தத்துக்குத் தப்பவில்லை. ஒரு சதுக்கத்தில் இருந்த பழைய சந்தைக் கட்டடத்தை 1954இல் இடித்துவிட்டு அடுக்குமாடிக் கார் நிறுத்தம் கட்டினார்கள். அடுத்து டேவன்போர்ட் வீடு என்றபோது ஏழு பெண்கள் கூடி, பணம் திரட்டி, 1955இல் அந்த வீட்டை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். அங்கே தொடங்கியதுதான் இன்று நாம் பார்க்கும் ஊர். கார் நிறுத்தம் பிற்பாடு இடிபட்டு, கார்கள் பூமிக்கு அடியில் போய், மேலே 2010இல் மறுபடியும் சதுக்கம் வந்தது. மூத்தவள் சட்டம் போட்டுக் காப்பாற்றினாள், இளையவள் ஒன்றைப் பறிகொடுத்த பிறகு விழித்துக்கொண்டாள்.

அடுத்த பத்தியையும் பெரியம்மாவுக்கு வாசிக்க வேண்டாம். சவானாவில் பெரிய தொழில் பேய். மாலை ஆனால் தெருமுனைக்கொரு பேய்ச் சுற்றுலா. அதில் ஒரு வகைக்கு, பழைய சவ ஊர்தியின் கூரையை வெட்டிவிட்டு இருக்கை போட்டிருக்கிறார்கள். போன பிறகு சும்மா ஏற்றிவிடும் வண்டியில், இருக்கும்போதே டிக்கெட் வாங்கி ஏறுகிறார்கள். பகலில் பார்க்க வேண்டிய இடங்களிலும் முதலிடம் போனவெஞ்சர் என்ற கல்லறைத் தோட்டத்துக்குத்தான். காடுகளைக் காக்கப் போராடிய ஜான் மியூர் 1867இல் நடந்தே ஊர் சுற்றி வந்தபோது, வீட்டிலிருந்து பணம் வந்து சேராததால் அங்கேதான் சில இரவுகள் படுத்துக் கிடந்தார். ஓக் மரங்களைப் பார்த்துச் சொக்கிப்போய் எழுதியும் வைத்தார். இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து இவர் விடுதி வாடகையைப் பார்க்கும்போதெல்லாம் மியூரைப் புகழ்கிறார்.

ஆற்றங்கரைக்கு வாருங்கள். பழைய பருத்திக் கிடங்குகள்தான் இப்போது கடைகள். கரைக்கு இறங்கும் கல்படிகள் செங்குத்தானவை, ஆளுக்கொரு உயரம். அவற்றை நீங்கள் மேலிருந்து பார்த்தால் போதும், லிஃப்டில் இறங்கிக்கொள்ளலாம். கீழே நின்றால், நாலாவது மாடி உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கிய சரக்குக் கப்பல், கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில் மெதுவாகப் போகும். தூத்துக்குடிக்காரர்களுக்கே வாய் பிளக்கும். அக்கரைக்குப் படகு இலவசம். நான் ஏமாற்றவில்லை, நிஜமாகவே இலவசம். நீங்கள் அதில் நாலு தடவை போய் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். 1819இல் நீராவியோடு அட்லாண்டிக்கைக் கடந்த முதல் கப்பலுக்கும் சவானா என்றுதான் பெயர், இங்கிருந்துதான் கிளம்பியது. பெரும்பாலும் பாய் விரித்துத்தான் போனது. அயர்லாந்து பக்கம் புகை விட்டபோது, கப்பல் தீப்பிடித்துவிட்டது என்று உதவிக்கு ஒரு படகு துரத்திக்கொண்டு வந்ததாம்.

அங்கேயே மிட்டாய்க் கடைகளில் பிரலீன் என்று வெண்ணெய், சர்க்கரை, பீக்கன் பருப்பு போட்டுக் கிளறிக் கல்லில் ஊற்றுவார்கள். வாசலில் சுடச்சுட ஒரு துண்டு சும்மா தருவார்கள். உங்கள் சர்க்கரை மாத்திரையைப் பெரியம்மா கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாப்பாடு என்றால் இரண்டு ஊரும் ஒன்றுதான்: நமக்குக் கஷ்டம். அமெரிக்கத் தென்னாட்டுக்காரர்கள் கீரை கடைவார்கள். அதில் பன்றிக் காலைப் போட்டிருப்பார்கள். பீன்ஸ் வதக்குவார்கள், அதிலும் பன்றி. காய்கறி என்று தனிப் பட்டியல் இருக்கும். அதில் முதலில் இருப்பது பாலாடைக் கட்டி போட்ட மக்ரோனி. “மக்ரோனி எந்தச் செடியில் காய்க்கிறது?” என்று இவர் பரிமாறிய பெண்ணிடம் கேட்டார். அவள், “எங்க பாட்டி தோட்டத்துல, கண்ணு” என்றாள். சோளக் குருணையில் செய்யும் கிரிட்ஸ் இருக்கிறது. இறால் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டால் அதை நம்பிச் சாப்பிடலாம். தக்காளி போட்ட சிவப்புச் சோறு பார்க்க நம் தக்காளி சாதம், ஆனால் அதன் உள்ளேயும் பெரும்பாலும் பன்றிதான் இருக்கும்.

அந்தச் சோற்றைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், பெரியப்பா. தாமிரபரணித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம் நாம், உங்களுக்குத்தான் புரியும். இந்த மாளிகைகள், தூண்கள், வெள்ளித் தட்டுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நெல். கரோலினா கோல்டு என்று ஒரு ரகம். விதைத்து வளர்த்து அறுத்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு போட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களில் பலருக்குச் சொந்த மண்ணிலேயே நெல் விவசாயம் தெரியும். சதுப்பு நிலத்தைத் திருத்தி, கரை போட்டு, மதகு வைத்து, கடல் ஓதம் ஏறும்போது மேலே தள்ளப்படும் ஆற்று நீரை வயலில் ஏற்றி, இறங்கும்போது வடித்தார்கள். இடுப்பளவு சேற்றில், பாம்பிலும் மலேரியாவிலும் செத்தார்கள். லாபம் சார்ல்ஸ்டனில் மாளிகையானது. அடிமை கூடாது என்று தொடங்கிய சவானாவும் 1751க்குள் அந்தத் தடையைக் கைவிட்டது. 1859 மார்ச்சில் அந்த ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பந்தயத் திடலில், இரண்டே நாளில், 400க்கும் மேற்பட்டவர்களை ஏலம் விட்டார்கள். அந்த இரண்டு நாளும் மழை கொட்டியது. அழுகை நாட்கள் என்று இன்றும் சொல்கிறார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் மூத்தவள் இப்போது கொஞ்சம் முந்திவிட்டாள். கப்பலிலிருந்து அவர்களை இறக்கிய கேட்ஸ்டன் துறையிலேயே 2023இல் பெரிய ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். சார்ல்ஸ்டன் மார்க்கெட்டில் கல்லா எனப்படும் அந்த வம்சத்துப் பெண்கள் புல்லில் கூடை பின்னி விற்கிறார்கள். நெல் புடைக்கப் பின்னிய முறத்திலிருந்து வந்த கைவேலை. மாளிகையைப் பார்த்து வாய் பிளந்த நான், அந்த முறத்தின் கதை தெரிந்த பிறகு மாளிகையை வேறு கண்ணால் பார்க்கிறேன். சரித்திரம் மட்டும் போதும், முழங்காலும் நன்றாக இருக்கிறது, தனியாக வருகிறேன் என்று நீங்கள் சொல்லியிருந்தால், யோசிக்காமல் சார்ல்ஸ்டன் என்றிருப்பேன்.

ஆனால் வருவது இரண்டு பேர். என் தீர்ப்பு சவானா. காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: சார்ல்ஸ்டன் பார்க்க வேண்டிய ஊர், சவானா உட்கார வேண்டிய ஊர். இரண்டு நாளில் ஓர் ஊரைப் பார்த்து முடிக்க முடியாது. உட்கார்ந்து எழுந்து வரலாம். பெரியம்மா மூன்றாவது சதுக்கத்துக்குள் பக்கத்துப் பெஞ்சுக்காரியின் மருமகள் விவரம்வரை கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், மொழி ஒரு தடையாக இருந்ததே இல்லை.

உங்களுக்கு அநியாயம் நடக்கவில்லை. சவானாவிலிருந்து ஆற்றைத் தாண்டினால் தென் கரோலினா எல்லைக்குள் ஒரு வனவிலங்குச் சரணாலயம். அதில் லாரல் ஹில் என்று ஆறேழு கிலோமீட்டருக்கு ஒரு மண்சாலை. அந்தச் சாலை ஓடுவது பழைய நெல்வயல்களின் கரைமேல். வயல்கள் குளமாகிக் கிடக்கின்றன, கொக்கும் நாரையும் வாத்தும் நிற்கின்றன, கரையில் முதலை வெயில் காய்கிறது. காரை விட்டு இறங்காமலே முழுவதும் பார்க்கலாம். வரப்பு எது, மதகு எது என்று நீங்கள் எங்களுக்குக் காட்ட வேண்டும். நீங்கள் முதலைக்கு மிக அருகில் போய் விளக்கம் சொல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

“ரெண்டு மணி நேரந்தானே, ரெண்டு ஊரையும் பாத்துரலாமே” என்று அடுத்த குரல் செய்தி அனுப்பாதீர்கள். நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் வேனில் பார்த்த குடும்பம் நாம். திருநள்ளாறில் கும்பிட்டது சனியையா கேதுவையா என்று இன்னும் வீட்டில் தகராறு.

கொண்டுவர வேண்டியவை: புளியோதரைப் பொடி, எள்ளுப்பொடி, பெரியம்மாவின் முழங்கால் உறை, உங்கள் மூக்குக்கண்ணாடி இரண்டாவது ஜோடி. விடுதியில் காலைச் சாப்பாடு உண்டு. மீதியை நான் சின்னக் குக்கரில் பார்த்துக்கொள்கிறேன். அல்வாவைப் பற்றி விமான நிலையத்தில் கேட்டால் இனிப்பு என்று சொல்லுங்கள், அதன் வரலாறு வேண்டாம். டாலரை ரூபாயால் பெருக்கும் பழக்கத்தை நாங்குநேரி தாண்டும்போதே விட்டுவிடவும்.

பெரியம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்,
கோமதி

பி.கு.: இவர் சார்ல்ஸ்டன் கட்சி. நீங்கள் வந்து இறங்கியதும் தனியாக அழைத்துப் போய், சம்டர் கோட்டை, பீரங்கி, முதல் குண்டு என்று ஆசை காட்டுவார். உண்மைக் காரணம், அங்கே போகும் வழியில் அவித்த கடலைக் கடை அதிகம். நெல்லையிலிருந்து அரைக் கிலோ பச்சைக் கடலைக்கு வழி பண்ண முடியாதென்பதால், சந்தைமுக்கில் வறுத்த கடலை ஒரு பொட்டலம் வாங்கி வாருங்கள். கட்சி மாற அது போதும்.